வாக்கும் வாழிடமும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் விழாவில் தேர்தலைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் சங்கம் எக்கட்சியையும் சார்ந்ததன்று. இம்மேடையில் எவருக்கும் வாக்குக் கேட்கப்பட்டதில்லை, இனியும் கேட்கப்படாது. எனினும், வாக்குரிமையும் கல்வியும் நம்மவர் வாழ்வில் ஒரே வாயில் வழியாக வந்தவை. நம் பாட்டன்மார் காலத்தில் சொத்தோ, வரியோ, எழுத்தறிவோ உடையவர்க்கே வாக்கு இருந்தது. சேரியில் பிறந்தவர்க்கு மூன்றும் அரிது. ஆகவே, படிப்பகம் நடத்துகின்ற நாம் வாக்கைப் பற்றிச் சிந்திப்பது நம் வேலைக்குப் புறம்பானதாகாது.

தென்சென்னையின் தேர்தல் முடிவுகளைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக இரண்டு சொற்களைக் கையாளுகின்றனர். ஒன்று நடுத்தர வகுப்பினரின் வாக்கு. மற்றொன்று குடிசைப் பகுதி வாக்கு. முன்னது சிந்தித்து இடப்படுவது என்றும், பின்னது வாங்கப்படுவது என்றும் சொல்லாமற் சொல்லிவிடுகின்றனர். இக்கூற்று உண்மைதானா என்பதை முதலில் ஆராய்வோம். அதன் பின்னர், எவரும் பெரிதாகப் பேசாத வேறொன்றைச் சொல்ல விரும்புகிறோம். நம்மவர் யாருக்கு வாக்களித்தனர் என்பதைக் காட்டிலும், எங்கே குடியிருந்துகொண்டு வாக்களிக்கின்றனர் என்பதே இக்காலத்தில் நம் வாக்கின் எடையைத் தீர்மானிக்கிறது என்பதே அது. ஆறியமர்ந்து நோக்குதற்கு ஏற்றவை என்பதால் 2024 வரையிலான தேர்தல்களையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

வாக்கு வந்த வழி

நாம் கூடியிருக்கும் இப்பகுதி நம் வரலாற்றில் சிறிய இடமன்று. அடையாற்றில் கர்னல் ஆல்காட் அவர்கள் 1894இல் ஊரூரில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். குடிமதிப்பு எடுக்கப்படும்போது நம்மவர் தம்மை எப்பெயரால் பதிந்துகொள்ள வேண்டும் என்று அவர் விடாது எழுதினார். அரசாங்கத்தின் ஏட்டில் ஒருவன் எப்படிப் பதியப்படுகிறானோ அப்படியே அவன் நடத்தப்படுவான் என்பதை அவர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

பறங்கிமலையில் பிறந்த எம்.சி. இராசா அவர்களும், 1923இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பெற்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் நம் குரலை அவையில் ஒலிக்கச் செய்தனர். பொதுவழிகளிலும் பொதுக்கிணறுகளிலும் நம்மவர்க்கு உரிமை உண்டு என்னும் தீர்மானம் 1924இல் சீனிவாசனாரால் கொண்டுவரப்பட்டது. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் அவரும் இணைந்து வைத்த கோரிக்கைகளுள் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்பதும் ஒன்று. 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பு சென்னை மாகாணத்தில் நம்மவர்க்குத் தனித் தொகுதிகளாக 18 இடங்களை அளித்தது. பூனா ஒப்பந்தம் அதனை 30 ஆக்கிற்று. ஆனால் தனித் தொகுதி போய்க் கூட்டுத் தொகுதி வந்தது. இடம் கூடியது, தேர்ந்தெடுக்கும் கை பொதுவாயிற்று. அதன் நன்மை தீமைகளை அன்று தொட்டு இன்று வரை நாம் வாதிட்டு வருகிறோம்.

1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை மாநகர மேயரானார். 1945இல் பேராசிரியர் என். சிவராஜ் அப்பதவியில் அமர்ந்தார். அவர்களைப் போன்றோர் பதவியில் இருந்த காலத்திலும் சேரியில் வாழ்ந்த பெருந்திரளான மக்களுக்கு வாக்கு இல்லை. முதன்முதலாக அவர்கள் வரிசையில் நின்றது 1951–52 பொதுத்தேர்தலில்தான். அந்த வரிசையில் நின்ற நம் மூத்தோர் சிலரிடம், அன்று வீட்டுக்காரரும் வேலைக்காரரும் ஒரே வரிசையில் நின்ற காட்சியைக் கேட்டறிந்தவர்கள் இவ்வவையில் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்று ஊர்கள், ஒரு பெட்டி

மயிலாப்பூர் என்றவுடன் கபாலீசுவரர் கோயிலையும் மாடவீதிகளையும் நினைப்பவர்கள் உண்டு. அதே தொகுதியில் கடலோரத்தில் மீனவப் பெருமக்களின் குப்பங்கள் இருக்கின்றன. கால்வாய்க் கரைகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் நம்மவர் இருக்கின்றனர். தியாகராய நகர், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் மாம்பலம் ஏரி நிலத்தில் 1920களில் எழுந்த ஊர். அங்குள்ள வணிக வீதிகளைத் துப்புரவு செய்வோரும் சுமை தூக்குவோரும் அத்தொகுதியின் வாக்காளர்களாகவே இருந்து வந்துள்ளனர். அடையாற்றின் தென்புறப் பகுதிகள் 2008ஆம் ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் பெரிதும் வேளச்சேரித் தொகுதியில் அடங்கின. மாடவீதியின் வாக்கும் கால்வாய்க் கரையின் வாக்கும் ஒரே பெட்டியில்தான் விழுகின்றன.

இப்பெட்டி எக்கட்சிக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. தென்சென்னை மக்களவைத் தொகுதியை 1957இல் காங்கிரசின் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும், 1962இல் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரனும், 1967இல் அறிஞர் அண்ணாவும் வென்றனர். அண்ணா முதலமைச்சரானபின் நடந்த இடைத்தேர்தலிலும், மீண்டும் 1971இலும் முரசொலி மாறன் வென்றார். 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் ஆர். வெங்கட்ராமனும், 1984, 1989 ஆகிய ஆண்டுகளில் வைஜயந்திமாலாவும் காங்கிரசின் சார்பில் வென்றனர். 1991இல் அ.தி.மு.க.; 1996 தொடங்கி நான்கு தேர்தல்களில் தி.மு.க.வின் டி.ஆர். பாலு, 2009, 2014இல் மீண்டும் அ.தி.மு.க.; 2019, 2024இல் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன். 2024இல் அவர் 2 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார்; பாரதிய ஜனதா கட்சி இரண்டாமிடமும் அ.தி.மு.க. மூன்றாமிடமும் பெற்றன.

1977ஆம் ஆண்டை நோக்குங்கள். மார்ச்சுத் திங்களில் அ.தி.மு.க. கூட்டணியின் துணையோடு காங்கிரசு தென்சென்னையை வென்றது. மூன்றே திங்களில் நான்கு முனைப் போட்டியாக நடந்த சட்டமன்றத் தேர்தலில், மாநிலம் எங்கும் அ.தி.மு.க. வென்றபோதும் சென்னை நகரின் பெரும்பாலான இடங்கள் தி.மு.க.வுக்குச் சென்றன. 2001இல் மாநிலம் அ.தி.மு.க. பக்கம் சாய்ந்தது, மயிலாப்பூரிலோ தி.மு.க. அணியில் நின்ற பாரதிய ஜனதா கட்சியின் கே.என். இலட்சுமணன் வென்றார். ஆகவே, ஒரு தொகுதியின் முடிவைக் கொண்டு அவ்வூர் மக்களின் கொள்கையை அளந்துவிட முடியாது. கூட்டணிக் கணக்கு, போட்டியிட்டோர் எண்ணிக்கை, வாக்களிக்க வந்தோர் யார் என்பவையெல்லாம் அதனுள் அடங்கியிருக்கின்றன.

வாக்களிக்க வந்தோர் யார் என்பது இங்கு மிக முக்கியமானது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர் வாக்களித்தனர். சென்னை மாவட்டத்தில் 59 பேரே வாக்களித்தனர். 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் விழுக்காடு 69.72, தென்சென்னையில் 54.17, மத்திய சென்னையில் 53.96. ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டிலிருந்துவிடும் ஊரில், வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரின் வாக்கும் கனமுடையதாகிறது. தியாகராய நகரில் 2021இல் தி.மு.க. வேட்பாளர் வென்றது 137 வாக்குகளில். நூற்று முப்பத்தேழு என்பது எவ்வளவு? நம் குடியிருப்புகளில் ஒரு தெருவின் வாக்கு.

விற்கப்பட்ட வாக்கா?

இனி, குடிசைப் பகுதி வாக்கு வாங்கப்படுவது என்னும் பழிக்கு வருவோம். தேர்தல் நாளில் பணம் கைமாறுவதில்லை என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. அது நம் பகுதிகளிலும் நடக்கிறது. மற்றப் பகுதிகளிலும் நடக்கிறது. அதனை வாங்குவது இழுக்கு என்று நம் மாணவர்களுக்கு நாம் சொல்லியே வந்திருக்கிறோம். ஆயினும், நம்மவரின் அரை நூற்றாண்டு வாக்கை அந்த ஒரு நாளின் பணத்தால் விளக்குவது அறியாமை.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டு, குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் கட்டடங்கள் எழுந்தபோது, தீப்பிடிக்காத கூரையை முதன்முதலாகக் கண்ட தாய்மார்கள் அதனை நினைவில் வைத்து வாக்களித்தனர். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியபோது, பிள்ளை ஒரு வேளை வயிறார உண்டதை நினைத்து வாக்களித்தனர். தண்ணீர்க் குழாய், குடும்ப அட்டை, பட்டா, கல்லூரிக் கட்டணச் சலுகை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து இடப்படும் வாக்கு, வருமான வரியை எண்ணிப் பார்த்து இடப்படும் வாக்கினும் எவ்வகையில் தாழ்ந்தது?

நம் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் நன்றியுணர்வோடு வாக்களித்தோம். கணக்குக் கேட்டு வாக்களிக்கவில்லை. நீதிக்கட்சியில் தொடக்கத்தில் உடனிருந்த எம்.சி. இராசா, நம்மவர்க்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 1923இல் விலகினார். அரை நூற்றாண்டு கழித்து 1974இல் அதே மனக்குறையோடு சத்தியவாணி முத்து அம்மையார் தி.மு.க.விலிருந்து விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அதுவும் சில ஆண்டுகளில் அ.தி.மு.க.வில் இணைந்தது. இருவரும் எழுப்பிய வினா ஒன்றே: எங்கள் வாக்கு வேண்டும் எனில், எங்கள் பங்கு எங்கே?

இவ்வினா தென்சென்னையில் இன்னும் கூர்மையானது. 2011 குடிமதிப்பின்படி சென்னை மாவட்ட மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் பட்டியல் வகுப்பினர். 2008ஆம் ஆண்டுச் சீரமைப்பின்படி சென்னையில் தனித் தொகுதிகள் எழும்பூரும் திரு.வி.க. நகருமே. விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்னும் தென்சென்னையின் ஆறு தொகுதிகளுள் ஒன்றும் தனித் தொகுதியன்று. பொதுத் தொகுதி என்றால் அனைவர்க்கும் பொது என்பதே பொருள். ஆனால் அங்கு நம்மவரை வேட்பாளராக நிறுத்தப் பெரிய கட்சிகள் தயங்குகின்றன. சோழிங்கநல்லூருக்குத் தெற்கே, பொதுத் தொகுதியான திருப்போரூரில் 2021இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி வென்றது. முடியாதது அன்று என்பதற்கு அது சான்று.

மாநகராட்சியிலோ நிலைமை வேறு. நம் அன்றாடத் துன்பங்களான சாக்கடை, குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றைக் கேட்பதற்கு உரிய அவை அதுவே. அது 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றிக் கிடந்தது. 2016 முதல் 2022 வரை மீண்டும் அவ்வாறே கிடந்தது. 2022இல் தேர்தல் நடந்து, ஆர். பிரியா அவர்கள் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த முதல் பெண் மேயரானபோது நாம் மகிழ்ந்தோம். அத்தேர்தலில் சென்னையில் வாக்களித்தோர் நூற்றுக்கு 44 பேருக்கும் குறைவு என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

வீடு பெயர்ந்தால் வாக்கும் தேயும்

நம் சங்கம் தொடங்கிய ஆண்டும், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்தோரைக் கண்ணகி நகருக்குக் கொண்டு செல்லத் தொடங்கிய ஆண்டும் ஏறத்தாழ ஒன்றே. கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், அடுத்துச் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்குச் சென்றன. வேலை மயிலாப்பூரில், பள்ளி சைதாப்பேட்டையில், வீடு இருபது கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் என்று ஆன வாழ்வின் துன்பத்தை நீங்கள் அறிவீர்கள். அதனால் வாக்குக்கு நேர்ந்தது என்ன என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

இம்மூன்று இடங்களும் சோழிங்கநல்லூர்த் தொகுதியில் அடங்கியவை. 2021இல் அத்தொகுதியின் வாக்காளர் ஆறு இலட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதி அது. மயிலாப்பூரும் தியாகராய நகரும் தனித்தனியே மூன்று இலட்சத்துக்கும் குறைவானவை. இரண்டு இடத்திலும் தேர்ந்தெடுக்கப்படுபவர் ஓர் உறுப்பினரே. ஆகவே, தியாகராய நகரில் வாழ்ந்தபோது நம் சகோதரியின் வாக்குக்கு இருந்த எடையில் பாதிகூடப் பெரும்பாக்கத்தில் இல்லை. அங்கே அவருடைய வாக்கு, கணினி நிறுவனங்களைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகளின் இலட்சக்கணக்கான வாக்குகளோடு கலந்துவிடுகிறது.

இது எப்படி நேர்ந்தது? 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பு 2001 குடிமதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2001இல் தலைகள் எண்ணப்பட்டபோது நம்மவருள் பெரும்பாலோர் ஆற்றங்கரையிலேயே இருந்தனர். எண்ணிக்கை அங்கே எழுதப்பட்டது. மக்கள் பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டனர். மேலும், பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சியாக இருந்ததால், 2022 மாநகராட்சித் தேர்தலில் அங்குள்ளோர்க்கு வாக்கில்லை. தலைமுறை தலைமுறையாக இந்நகரைத் துடைத்துத் துலக்கிய மக்கள், இந்நகரின் மேயரைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு வாக்களிக்க முடியாதவர் ஆயினர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதோடு ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்று அண்ணல் அரசியல் நிருணய சபையில் சொன்னதை இங்கே நினைவுகூர்கிறோம்.

2022 மே மாதத்தில் இராசா அண்ணாமலைபுரம் இளங்கோ தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிர் நீத்தார். அதன் பின்னரே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே மாற்று வீடு என்னும் அறிவிப்பு சட்டமன்றத்தில் வெளியாயிற்று. நகருக்குள்ளேயே வீடு என்பது கருணையன்று, உரிமை. அதனைப் பெற ஓர் உயிர் போக வேண்டியதாயிற்றே என்பதுதான் நம் துயரம்.

பட்டியலில் பெயர்

எங்கள் மாலை வகுப்பில் படித்த மாணவி ஒருத்தியின் செய்தியைச் சொல்லி, செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறோம். வெள்ளத்துக்குப் பின் அவள் குடும்பம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டபோது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று திங்களே இருந்தன. விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாறிப் பழைய பள்ளிக்கே வந்து படித்துத் தேறினாள். 2019 தேர்தலில் அவளுக்கு வாக்களிக்கும் வயது. தந்தையுடன் பழைய சாவடிக்குச் சென்றாள். இடம் பெயர்ந்தவர் என்று தந்தையின் பெயர் நீக்கப்பட்டிருந்தது. புதிய ஊரின் பட்டியலிலும் இருவர் பெயரும் இல்லை. “ஐயா, படித்தால் எல்லாம் வரும் என்று சொன்னீர்களே” என்று அவள் எங்களிடம் கேட்டபோது, எங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. கணக்கும் ஆங்கிலமும் கற்பித்த நாங்கள், ஒரு படிவத்தை நிரப்பக் கற்பிக்கத் தவறியிருந்தோம்.

2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது இது தனிப்பட்ட ஒருவர் துன்பமன்று என்பது விளங்கிற்று. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதிலும் ஏறத்தாழ 97 இலட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தோரும் இரட்டைப் பதிவுகளும் அவற்றுள் உண்டு. எனினும் பெரும்பகுதி, முகவரி மாறியோர், முகவரியில் காணப்படாதோர் என்னும் கணக்கில் வந்தவை. இருபதாண்டுக்கு முந்திய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டுமாறு கேட்கப்பட்டபோது, ஒரே வீட்டில் முப்பதாண்டு வாழ்ந்தவர்க்கு அது எளிது. ஆற்றங்கரையிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர்க்கு அப்பழைய தெருவே இன்று இல்லை.

ஆகவே, வெள்ளிவிழாவைக் கொண்டாடும் நம் சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். முதலாவது, நம் மாலை வகுப்புகளில் பதினேழு வயது நிரம்பிய ஒவ்வொரு மாணவரும் முன்கூட்டியே படிவம் 6ஐ நிரப்பி விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளமையால் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, வீடு மாறிய குடும்பங்களுக்குப் படிவம் 8ஐ நிரப்பிக் கொடுத்து, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சேர்ப்பித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கித் தர வேண்டும். பழைய பட்டியல், குடும்ப அட்டை, ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றின் படிகளைக் குடும்பந்தோறும் ஓர் உறையில் இட்டு வைக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது, வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், நகருக்குள் வீடு, மறுகுடியமர்வுப் பகுதியில் பள்ளி, பேருந்து, மாநகராட்சியில் வாக்கு, சமமான தொகுதி ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து அத்தாளை எடுத்துக் காட்டிக் கணக்கும் கேட்க வேண்டும்.

அம்மாணவி இன்று பட்டதாரி. பெரும்பாக்கத்தில் தன் அடுக்கிலுள்ள குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களுள் அவளும் ஒருத்தி. அன்று எங்களால் சொல்ல இயலாத விடையை இன்று அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் செய்வதை நாம் அனைவரும் செய்தால், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் வாக்கைப் பற்றி எழுதுவோர் வேறு சொற்களைத் தேட நேரிடும்.